வின்ஃபிரட் சார் கூப்பிடவில்லை

அந்தப் பையைக் கீழே வைக்காதீங்க சார், மடியிலேயே இருக்கட்டும். என் சாக்கில் இருப்பது கருவாடு. நாறும். ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. ஆனால் உங்க பையும் ஒன்றும் மல்லிகைப் பூ இல்லை. பூட்ஸ்தானே உள்ளே? ஏறும்போதே தெரிந்துகொண்டேன். என் வீட்டு அடுக்களை வரைக்கும் அந்த வாடை கிடந்த காலம் உண்டு. சரி, உங்களுக்கு என் கருவாடு, எனக்கு உங்க பூட்ஸ்.

முன் சீட்டில் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறாளே, அவள்தான் மகளா? பெண்பிள்ளை பந்து ஆடுகிறாளா. நல்லது. எந்தக் காலேஜில் செலக்‌ஷன்?

புன்னவிளையா.

இல்லை, ஒன்றும் இல்லை. நல்ல காலேஜ்தான். கிரவுண்டு பச்சைப்பசேல் என்று இருக்கும். ஹாஸ்டல் சாப்பாடும் மோசமில்லை. ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீங்க. உள்ளே போய் உட்கார்ந்ததும் நீங்க முதலில் வாயைத் திறக்கக் கூடாது. என்ன தருவோம் என்று அவங்க சொல்லட்டும். சொன்னதும் முகத்தில் சந்தோஷம் காட்டிவிடாதீங்க. மழை வருமா என்று பார்க்கிற மாதிரி ஜன்னலைப் பாருங்க. உங்களைப் பார்த்தால் அது முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஃபீஸ் வேண்டாம் என்றதும் எழுந்து நின்று கும்பிடுகிற ஆள் மாதிரி இருக்கீங்க. கோபப்படாதீங்க, என் வாய் அப்படி.

என் பெயர் எப்ரேசியாள். சூசைத்துறைக்காரி. குளச்சல் சந்தையில் போய் வாய்க்காரி எப்ரேசி எங்கே என்று கேளுங்க, நான் நிற்கிற பக்கம் கை காட்டுவார்கள். படித்தது மூன்றாம் வகுப்பு. மற்றதெல்லாம் கரையில் படித்தது. வள்ளம் கரையேறியதும் மீனை மணலில் குவித்துப் போட்டு ஏலம் கூப்பிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஆண்பிள்ளைகளுக்கு நடுவில் நின்று விலை கேட்டு எடுத்து, தலையில் சுமந்து, வீடு வீடாக விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன். யாரும் எனக்கு எதையும் சும்மா தரவில்லை. பேசி வாங்கினேன். பேசிக் கிடைக்காததைச் சண்டை போட்டு வாங்கினேன்.

என் வீட்டுக்காரர் கடலில் போனார். வள்ளம் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அன்றைக்கு ஒன்றே ஒன்று தீர்மானம் பண்ணினேன், என் மகன் டெல்ஃபின் கடலுக்குப் போகக் கூடாது. டாக்டராக வேண்டாம், கலெக்டராக வேண்டாம். தரையில் நின்று சம்பளம் வாங்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

படிப்பு அவனுக்கு வரவில்லை. பந்து வந்தது. எங்க ஊரில் எல்லாப் பையனுக்கும் பந்து வரும், மணலில் ஓடி ஓடிக் கால் இரும்பாகிவிடும். இவன் அதற்கு மேலே. சாளைமீன் கூட்டமாகத் திரும்புவதைப் பார்த்திருக்கீங்களா? இந்தப் பக்கம் போகிறது என்று நினைப்பீங்க, வெள்ளியாக ஒரு மின்னு மின்னும், அந்தப் பக்கம் போயிருக்கும். அப்படித் திரும்புவான் என் மகன். எங்க ஊர்த் திருவிழாப் போட்டியில் அவன் அப்படித் திரும்பினதைப் பார்த்துத்தான் பாறைக்கோணம் காலேஜ் பி.டி. சார் என் வீட்டுக்கு வந்தார். வின்ஃபிரட் என்று பெயர். ஒல்லியான மனுஷன், வெயிலில் காய்ந்த நெத்திலி மாதிரி. தன் காலேஜில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் தருகிறேன், ஹாஸ்டல் தருகிறேன், சாப்பாடு தருகிறேன் என்றார். நான் பூட்ஸ் கேட்டேன். சரி என்றார். தினமும் முட்டையும் பாலும் கேட்டேன். அதற்கும் சரி. வீட்டுக்கு வந்துபோகப் பஸ் காசு கேட்டேன். அதற்கும் தலையை ஆட்டினார். அவர் போன பிறகு எனக்கு ஒரே வயிற்றெரிச்சல். இவ்வளவு சுளுவாகத் தலையாட்டுகிற ஆளிடம் நாம் குறைவாகக் கேட்டுவிட்டோமே என்று.

உங்களுக்கு இந்தக் காலேஜ் பந்து விஷயம் தெரியுமோ என்னவோ. நம்ம பக்கத்துக் காலேஜ் எல்லாம் ஒரே யுனிவர்சிட்டி, ஒரே மண்டலம். மண்டலப் போட்டியில் நன்றாக ஆடுகிறவனை யுனிவர்சிட்டி டீமுக்கு எடுப்பார்கள். அதில் ஆடிவிட்டால் ரயில்வே, போலீஸ், பேங்க், எங்கேயாவது வேலை உண்டு. அந்த மண்டலத்திலே பாறைக்கோணமும் புன்னவிளையும்தான் பெரிய டீம். ஒருவனை ஒருவனுக்கு ஆகாது. இந்தக் காலேஜ் பையன் ஏறின பஸ்ஸில் அந்தக் காலேஜ் பையன் ஏறமாட்டான்.

பாறைக்கோணத்தில் டெல்ஃபினுக்கு ஒரு கூட்டாளி கிடைத்தான். அஜிகுமார். பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டத்துப் பையன். அவன் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவள். இவன் முன்னால் ஆடுவான், அவன் பின்னால் தடுப்பான். ஒரே ரூம், ஒரே தட்டு. லீவு என்றால் என் வீட்டில்தான் கிடப்பான். முதல்தடவை வந்தபோது மீன் முள்ளை எடுக்கத் தெரியாமல் விழித்தான். மலைக்காரப் பூனை என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். நல்ல பையன். நான் என்ன சொன்னாலும் சிரிப்பான். ஒரு ஆட்டத்தில் அவனுக்கு வலது கால் முட்டு திரும்பிவிட்டது. வைத்தியரிடம் வர்ம எண்ணெய் வாங்கி நானே தடவிவிட்டேன். என் மடியில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பான். உள்பக்கம் ஒரு இடத்தில் அமுக்கினால் துள்ளுவான். நடக்க ஆரம்பித்துவிட்டான், ஓட ஆரம்பித்துவிட்டான். ஆனால் அந்த இடம் முழுதாகத் தேறவில்லை என்று என் விரலுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும், டெல்ஃபினுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

முதல் வருஷம் பாறைக்கோணம்தான் மண்டலத்தில் ஜெயித்தது. என் மகன் பேப்பரில் வந்தான். உடனே புன்னவிளையிலிருந்து ஆள் வந்தது. மேனேஜராம், மோதிரம் போட்ட கை. டெல்ஃபின் அவங்க காலேஜுக்கு மாறினால் என் மகள் ரெக்ஸிக்கு அவங்க நர்சிங் காலேஜில் இலவசமாக சீட் என்றார். அவள் அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன் சார், புன்னவிளைக்கு அவனை அனுப்ப எனக்கு நினைப்பே இல்லை. சத்தியமாக இல்லை. ஒருவன் ஒரு விலை சொன்னால் அதைக் கொண்டுபோய் அடுத்தவனிடம் காட்டி ஏற்றிக் கேட்பதுதான் தொழில். வின்ஃபிரட் சாரிடம் போனேன். புன்னவிளையில் இப்படிச் சொல்கிறார்கள், நீங்க என் மகளுக்கு என்ன செய்வீங்க என்று கேட்டேன். எங்க காலேஜில் நர்சிங் இல்லையேம்மா, தெரிந்த இடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். கேட்டுப் பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? சந்தையில் அந்த வார்த்தைக்கு, உனக்கு வேறு வழியில்லை, நீ இங்கேதான் விற்பாய் என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்றது.

கரையில் இதற்கு ஒரு வழி உண்டு. கடைசி விலையைச் சொல்லிவிட்டு, மீன் சருவத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. மெதுவாக நடந்தால் நடிப்பு என்று தெரிந்துவிடும். ஓடினால் நிஜமாகவே போய்விட்டாள் என்று விட்டுவிடுவார்கள். நடுத்தரமாக நடக்க வேண்டும். வள்ளத்தைத் தாண்டுவதற்குள் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷத்தில் கூப்பிடாதவர் ஒருத்தர் கிடையாது. என்னைப் பெற்றவளும் அப்படித்தான் நடந்தாள், அவளைப் பெற்றவளும் அப்படித்தான்.

அப்படித்தான் நானும் போனேன். டெல்ஃபினுக்கு டி.சி. வேண்டும், நான் அவனைக் கூட்டிப் போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிரின்சிபால் ரூமில் வின்ஃபிரட் சாரும் இருக்கும்போது மேஜையில் வைத்தேன்.

என்ன, மகனிடம் கேட்டாயா என்கிறீங்களா? எதற்குக் கேட்க வேண்டும்? நிஜமாகவா போகப்போகிறோம்? அதோடு, விலை பேசுகிற இடத்தில் அவன் நிற்கக் கூடாது சார். அவன் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். காரியம் கெட்டுவிடும்.

வின்ஃபிரட் சார் அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். பையனுக்கு இதில் சம்மதமா என்று கேட்டார். சம்மதம்தான் என்றேன். வேறு என்ன சொல்வது அந்த இடத்தில்? பிரின்சிபால் அங்கேயே டி.சி. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார். வின்ஃபிரட் சார் எழுந்து தன் ரூமுக்குப் போய் இன்னொரு காகிதம் எழுதிக் கொண்டுவந்தார். இதையும் வச்சுக்குங்கம்மா, எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதியிருக்கேன், இது இல்லாம அந்தக் காலேஜுக்குப் போனா பையன் ஒரு வருஷம் ஆடாம உக்காரணும், அவன் காலுக்கு அது நல்லதில்ல என்றார்.

நான் கேட்கவே இல்லை சார். கேட்காத காகிதத்தை அவராகவே எழுதித் தந்தார். போ போ, ஒரு வருஷம்கூடக் காத்திருக்க வேண்டாம், சீக்கிரம் போ என்கிற மாதிரி. என் மகன் அவ்வளவு மட்டமாகவா போய்விட்டான்?

இரண்டு காகிதத்தையும் வாங்கிக்கொண்டு நடந்தேன். நடுத்தரமாகத்தான் நடந்தேன். கிரவுண்டைச் சுற்றித்தான் கேட்டுக்குப் போக வேண்டும். அங்கே பிராக்டிஸ் நடந்துகொண்டிருந்தது. டெல்ஃபின் என்னைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினான். பக்கத்தில் நின்ற அஜியும் ஆட்டினான். அம்மா முட்டைக் காசு விஷயமாகச் சண்டை போட வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பான்கள். நான் கேட்டைத் தாண்டினேன். எதிர்க் கடையில் நின்று ஒரு சோடா குடித்தேன். ஒரு பஸ் வந்தது, விட்டேன். இன்னொன்று வந்தது, அதையும் விட்டேன். வாட்ச்மேனாவது ஓடிவருவான் என்று பார்த்தேன்.

அவர் கூப்பிடவில்லை.

நான் இறங்குகிற கருங்கல் ஸ்டாப் வந்துவிட்டதா? இல்லையா, சரி. கண்டக்டர், கருங்கல் வந்தால் சொல்லும், இந்தச் சாரிடம் பேசிக்கொண்டே விட்டுவிடுவேன்.

எனக்குக் கோபம் வந்தால் மண்டை நிற்கும், கால் நடக்கும். மூன்றாவது பஸ்ஸில் ஏறி நேராகப் புன்னவிளைக்குப் போனேன். மோதிரக் கைக்காரரிடம் இரண்டு காகிதத்தையும் கொடுத்தேன். என் மகளுக்கு சீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். பேச்சு என்றால் அது பேச்சு. அவரே சொன்னார், உங்களை மாதிரி ஒரு ஆள் எங்க ஆபீஸில் இருக்கணும்மா என்று.

சாயங்காலம் டெல்ஃபினை வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன், கத்தினால் நானும் கத்தலாம். அவன் வாசல்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தான். கடைசியில், "அஜிகிட்ட நான் என்னம்மா சொல்ல?" என்று மட்டும் கேட்டான். தங்கச்சிக்காக என்று சொல் என்றேன். ரெக்ஸி உள்ளே அழுதுகொண்டிருந்தாள். சீட் கிடைத்த சந்தோஷத்தில் என்றுதான் நினைத்தேன்.

புன்னவிளையில் அவன் ஆடினான். குறை சொல்லக் கூடாது, நன்றாகவே ஆடினான். ஆனால் அங்கே ஒரு கூட்டாளியையும் அவன் வீட்டுக்குக் கூட்டிவரவில்லை. அஜியும் வரவில்லை. மீன் குழம்பு வைக்கிற அன்றைக்கு மட்டும் எனக்கு அந்த மலைக்காரப் பூனை ஞாபகம் வரும்.

மண்டல ஃபைனல் வந்தது. பாறைக்கோணமும் புன்னவிளையும். நடந்தது பாறைக்கோணம் கிரவுண்டில். யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுக்கிற சார்மார் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு ஆடுகிற ஆட்டம்தான் கணக்கு. அன்றைக்கு ஆடினால் வேலை, ஆடாவிட்டால் கடல். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. சந்தைக்குப் போகாமல் கோட்டோரமாகப் போய் நின்றேன்.

என் மகன் உள்ளே வந்ததும் அந்தக் காலேஜ் பயல்கள் ஆரம்பித்தார்கள். "சூசைத்துறைச் சாளை, ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்" என்று ஏலம் கூப்பிட்டார்கள். அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் கூப்பிட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. ஏலம் கூப்பிடக்கூடத் தெரியாத பயல்கள் சார். மூன்றாந்தரத்தை இழுத்துச் சொல்ல வேண்டும், நிறுத்திச் சொல்ல வேண்டும். இவன்கள் பஸ் போகிற மாதிரி சொன்னான்கள். நான் போய் ஒருத்தன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். இது யாரு, டெல்ஃபினுக்க அம்மையா என்று கேட்டுச் சிரித்தான்கள். டெல்ஃபின் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

முதல் பாதியில் அவனால் ஒன்றும் முடியவில்லை. அவனைப் பிடிக்க நிறுத்தியிருந்தது அஜியை. இவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவன் சொல்வான். இவன் திரும்புவதற்கு முன்னாலேயே அவன் அங்கே நின்றான். பந்தலுக்குக் கீழே ஒரு சார் பேனாவை மூடிப் பையில் வைத்ததை நான் பார்த்தேன்.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். டெல்ஃபின் ஒவ்வொரு தடவையும் அஜியின் இடதுபக்கமாகத்தான் போகிறான். வலதுபக்கம் போகவே இல்லை. அந்த முட்டு இருக்கிற பக்கம். மடையன், பதற்றத்தில் மறந்துவிட்டான் என்று நினைத்தேன். மீன் எடுக்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள் நான், எங்கே கெட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். அவனுக்கு ஞாபகப்படுத்தினேன்.

"லேய் டெல்ஃபின், வலது பக்கம் திருப்புலே, அஜிக்கு அந்த முட்டு நிக்காது."

என் தொண்டை கடல் இரைச்சலுக்கு மேலே கேட்கிற தொண்டை சார். கிரவுண்டு முழுக்கக் கேட்டது. ஏலம் கூப்பிட்டுக்கொண்டிருந்த பயல்கள்கூட நிறுத்திவிட்டான்கள். அஜி என்னைப் பார்த்தான். என் மடியில் கால் நீட்டிப் படுத்திருந்தபோது பார்ப்பானே, அதே கண். சிரிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

டெல்ஃபின் அந்தப் பக்கம் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. ஆனால் புன்னவிளை டீமில் இன்னொருத்தன் இருந்தான், பெயர் தெரியாது, அவன் காதில் விழுந்துவிட்டது. அடுத்த தடவை பந்தோடு அவன் நேராக அஜியின் வலதுபக்கமாக ஓடித் திரும்பினான். அஜியும் திரும்பினான். உடல் திரும்பியது, கால் திரும்பவில்லை. ஒரு சத்தம். கோட்டோரம் நின்ற எனக்கே கேட்டது.

பந்து உருண்டு டெல்ஃபின் முன்னால் வந்தது. எதிரே கோலி தவிர யாரும் இல்லை. கோலியும் அஜியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சும்மா தட்டினால் போதும், கோல். பந்தலுக்குக் கீழே சார்மார் எழுந்து நிற்கிறார்கள். என் மகன் பந்தை வெளியே அடித்தான். பந்து வந்து என் காலடியில் நின்றது.

அப்படி அடிப்பது வழக்கம்தான் என்கிறீங்களா? ஆள் விழுந்தால் பந்தை வெளியே அடிப்பார்களாம். எல்லாரும் என்னிடம் அதைத்தான் சொன்னார்கள். இருக்கட்டும். வேறொரு நாள் அடிக்கக் கூடாதா?

வின்ஃபிரட் சார் மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தார். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் டெல்ஃபின், அஜியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். இவன் புன்னவிளை ஜெர்சியோடு பாறைக்கோணம் ஜீப்பில் ஏறிப் போய்விட்டான். ஆட்டம் முடியவில்லை. அந்த மோதிரக் கைக்காரர் பின்னாலேயே ஓடிக் கத்தினார். இவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவனை நம்பி நின்ற டீம் என்ன ஆகும், தோற்றது. டீமுக்கு எடுத்த பெயர்களில் என் மகன் பெயர் இல்லை.

அதற்காக மேனேஜர் ரெக்ஸியின் சீட்டில் கைவைக்கப் பார்த்தார். நான் விடுவேனா? கையெழுத்துக் காகிதத்தோடு அவர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் இப்போது கடைசி வருஷம் படிக்கிறாள். இந்தக் கருவாடு கருங்கல் ஹாஸ்டலில் இருக்கிற அவளுக்குத்தான். அந்தப் பேச்சில் நான் தோற்கவில்லை சார், அதை யாரும் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரிக்கு அஜியைப் பார்க்கப் போனேன். சும்மா போகவில்லை, நெய்மீன் பொரித்து எடுத்துப் போனேன். அவன் அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கை முழுக்க ரப்பர் பால் கறை. அவள் என்னைத் திட்டுவாள், நானும் பதிலுக்கு நாலு சொல்வேன், அப்புறம் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் போனேன். ஆபரேஷனுக்கு என்ன வேண்டுமானாலும் கேள், நான் செய்கிறேன் என்றுகூடச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பிளாஸ்க்கிலிருந்து பால் இல்லாத கட்டன்சாயா ஊற்றித் தந்தாள். கையில் வாங்கினேன், ஆறிப்போகும் வரைக்கும் வைத்திருந்தேன். அஜி தூங்குகிற மாதிரி கிடந்தான். தூங்கவில்லை, இமை ஆடியது.

அதற்குப் பிறகு டெல்ஃபின் காலேஜுக்குப் போகவில்லை. அவன் மாமன் வள்ளத்தில் ஏறிவிட்டான். எந்தக் கடலுக்குப் போகக் கூடாது என்று நான் தலைச்சுமை சுமந்தேனோ, அந்தக் கடலுக்கு. பைக் வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றான். வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்றேன், வேண்டாம். உனக்கு என்னதான் வேண்டும், வாயைத் திறந்து சொல்லித் தொலை என்று சட்டியைத் தூக்கி எறிந்தேன். எறிந்த சட்டியை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். எதிரே இருக்கிறவன் ஒரு விலை சொன்னால்தானே நான் பேச முடியும்?

ஒரு நாள் வின்ஃபிரட் சார் எங்க கரைக்கு வந்தார். காலையில் வள்ளம் வருகிற நேரம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரோரமாக நின்றார். டெல்ஃபின் இறங்கியதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். நான் மீன் எடுக்கிற மாதிரி பக்கத்தில் போய் நின்றேன். மறுபடி சேர்த்துக்கொள்கிறோம், நான் பிரின்சிபாலிடம் பேசிவிட்டேன், ஒரு வருஷம் இருக்கிறது, வந்து ஆடு என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. கூப்பிட்டுவிட்டாரே.

"அஜி ஆட வந்தா நானும் வாறேன் சார்" என்றான் டெல்ஃபின்.

அஜி இனி ஆடமாட்டான் என்று அவருக்கும் தெரியும், இவனுக்கும் தெரியும். அவர் கையை விட்டார். இவன் வலையை உதறப் போய்விட்டான்.

நான் அவரை விடவில்லை. ரோட்டுக்கு ஏறுகிற இடத்தில் மறித்தேன். இன்றைக்குக் கூப்பிட வந்தீரே, அன்றைக்கு நான் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "எதுக்கும்மா கூப்பிடணும்? பையனுக்குச் சம்மதம்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். எனக்கு அவன் போறதுல எவ்வளவு வருத்தம்னு அவனுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் கிரவுண்டுப் பக்கம்கூட வராம இருந்தேன் என்று வேறு சொல்கிறார். கேட்டீங்களா பேச்சை? வருத்தம் இருந்தால் விலையில் காட்ட வேண்டாமா? ஒரு குரல் கொடுத்திருந்தால் நான் நின்றிருப்பேன் சார். நர்சிங் சீட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று திரும்பி வந்திருப்பேன். ஒரே ஒரு குரல். எங்க கரையில் சின்னப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம், அவ்வளவு படித்த மனுஷனுக்குத் தெரியாதாம். நான் நம்பவில்லை. இன்றுவரைக்கும் நம்பவில்லை.

இப்போது டெல்ஃபின் பிடித்துவருகிற மீனைத்தான் மற்றவர்களோடு சேர்ந்து நானும் எடுக்கிறேன். அவன் பங்கு மீனை அவனே விற்க வேண்டும். என் மகன், என் ரத்தம், எப்படி விற்கிறான் தெரியுமா? முதலில் எவள் எந்த விலை சொன்னாலும் கொடுத்துவிடுகிறான். ஏற்றிக் கேட்பதில்லை, முறைப்பதில்லை, மீனை மூடி வைத்துக்கொண்டு பிகு பண்ணுவதில்லை. கரையில் இதைத் தெரிந்துகொண்டு அவனைச் சுற்றித்தான் கூட்டம். நான் நின்று அந்தப் பெண்களைக் காறித் துப்புவேன். விற்கிறவனே கொடுக்கிறான், உனக்கென்ன எப்ரேசி என்பார்கள்.

முந்தாநாள் நல்ல அயிலை வந்திருந்தது. கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, முதல்தரம். நான் எல்லாரையும் தள்ளிவிட்டு முன்னால் போனேன். சந்தை விலையில் பாதியைச் சொன்னேன். லாபத்துக்கு இல்லை சார். என்னிடமாவது கோபப்படட்டும் என்றுதான். பெற்ற அம்மாவே இப்படி அறுக்கிறாளே என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். இவ்வளவு பெரிய மீனுக்கு இதுவா விலை என்று என் கையைத் தட்டிவிடட்டும். அதற்குப் பிறகு எத்தனை நாழிகை வேண்டுமானாலும் அவனோடு நின்று பேச எனக்குத் தெம்பு இருந்தது.

அவன் குனிந்து மீனை அள்ளி என் சருவத்தில் போட்டான். ஒன்றுகூடக் கீழே சிந்தாமல் போட்டான். கை கழுவிக்கொண்டே, முகத்தில் ஒரு கோபமும் இல்லாமல் சொன்னான்.

"வேணும்னா இன்னும் குறைச்சுக்கோம்மா."